எல்லாருக்கும் ஒண்ணாம் நம்பர்

செக்கானூரணி மொக்கச்சாமி வாசலில் உட்கார்ந்து தெம்பாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அடுத்து அவர் தம்பி பேச்சிமுத்துவின் பெயருக்கும் விழுந்தது. பிறகு பக்கத்தில் இருந்த பங்காளிகளில் ஒருவர் பாக்கி இல்லை.

கோடு போட்டவன் கருத்தக்கண்ணன். ஆனால் அது அவனுக்கே இன்னும் தெரியாது. மச்சினன் கல்யாண அழைப்பைக் குடும்ப குரூப்பில் அனுப்பிவிட்டு, பாராட்டுகள் சேரட்டும் என்று போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஒத்தக்கடை வீட்டில் தோசைக்கு உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. மனைவி நாகஜோதி எடுத்து வந்து கொடுத்தாள்.

"மாப்ள, மொக்கச்சாமி பேசுறேன். நான் இருக்கனா, போய்ட்டனா?"

"என்ன மாமா இப்படிக் கேக்குறீங்க. இருக்கீங்க."

"நான் இருக்குறது எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியுதான்னு கேக்குறேன். பேர அடிச்சு விட்டுருக்கீக."

கருத்தக்கண்ணன் குரூப்பைத் திறந்து பார்த்தான். தோசை வாயிலேயே நின்றது.

அவன் வேலை பார்ப்பது ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில். மற்றவர்கள் செய்யும் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதுவது அவன் உத்தியோகம். அதை மார்க்டவுன் என்ற முறையில் எழுதுவார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எழுத்துக்கு முன்னும் பின்னும் சில குறிகளைப் போட்டால், பார்க்கிற இடத்தில் அது தடித்தோ சாய்ந்தோ பட்டியலாகவோ தெரியும். சிக்கல் என்னவென்றால், இட்லிக்குத் தொட்டுக்கொள்வதைப் போல இதற்கும் ஊருக்கு ஊர் ஒரு வழக்கம். ஆபீஸில் தடித்த எழுத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் வேண்டும். குடும்ப குரூப்பில் ஒவ்வொன்று போதும். ஆபீஸில் பெயருக்கு இருபுறமும் அலைக்கோடு போட்டால், பெயர் பொடி எழுத்தாகிக் கீழே இறங்கி அடக்கமாக உட்காரும். குடும்ப குரூப்பில் அதே அலைக்கோடு பெயரையே அடித்துவிடும்.

ஆபீஸ் பழக்கத்தில் எழுதியதை அப்படியே எடுத்துக் குரூப்பில் ஒட்டிவிட்டான். மாப்பிள்ளை அழகுராஜா பெயரின் இரண்டு பக்கமும் நட்சத்திரங்கள் காவலுக்கு நின்றன. பங்காளிகள் அத்தனை பேரும் வரிசையாக அடிபட்டுக் கிடந்தார்கள்.

பொடி எழுத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மொக்கச்சாமியும் பேச்சிமுத்துவும் அவன் மாமனார் தவசியின் அண்ணனும் தம்பியும். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மொக்கச்சாமி வயதில் மூத்தவர், அதனால் பத்திரிகையில் தன் பெயர்தான் முதலில் என்பார். பேச்சிமுத்து ஊராட்சித் தலைவராக இருந்தவர், அதனால் தன் பெயர்தான் முதலில் என்பார். மேலே கீழே என்று போட்டால்தானே சண்டை, பொடி எழுத்தில் எல்லோரையும் ஒரே வரியில் பக்கம் பக்கமாக உட்கார வைத்துவிடலாம் என்பது கருத்தக்கண்ணனின் திட்டம். வைத்தான். அடித்தும் விட்டான்.

"நீங்க பேசாம ராம்கி மச்சான்கிட்ட குடுத்துருங்களேன்" என்றாள் நாகஜோதி.

அந்தப் பெயரைக் கேட்டதும் கருத்தக்கண்ணனுக்குத் தோசை கசந்தது.

ராம்கி அவன் சகலை. நாகஜோதியின் அக்கா பாண்டீஸ்வரியின் புருஷன், தவசியின் மூத்த மருமகன். திருமங்கலத்தில் மோட்டார் பம்ப் கடை. பொறாமை அவனுடைய பெயரிலேயே ஆரம்பித்தது. ராம்கி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கருத்தக்கண்ணன் என்று முழுசாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஆள் தெருவைக் கடந்திருப்பான். மாமனார் வீட்டில் ராம்கிக்கு மெத்தை போட்ட நாற்காலி. இவனுக்கு, ஒரு கால் லேசாக வளைந்த பிளாஸ்டிக் நாற்காலி. கறிச்சோறு போட்டால் நல்லி எலும்பு தானாக நடந்து ராம்கி இலைக்குப் போகும். இவன் இலையில் ஈரல் விழும். ஈரல் உடம்புக்கு நல்லது மாப்ள என்று மாமனார் சொல்வார். உடம்புக்கு நல்லதை எல்லாம் தனக்கும் ருசியை எல்லாம் ராம்கிக்கும் கொடுப்பது என்ன நியாயம் என்று அவன் பல ஞாயிற்றுக்கிழமைகள் யோசித்திருக்கிறான்.

இதை எல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ராம்கி குரூப்பில் போடும் செய்திகளைத்தான் பொறுக்க முடியவில்லை. கோயில் கொடையோ பம்ப் தள்ளுபடியோ, எதைப் போட்டாலும் தலைப்பு கொழுகொழுவென்று தடித்து, கீழே வரிசை வரிசையாகச் சுத்தமாக வரும். ராம்கிக்கு மார்க்டவுன் என்றால் என்ன என்றே தெரியாது. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் போடுகிறான். முறைப்படி ஒற்றை நட்சத்திரம் போட்டால் எழுத்து சாயத்தான் வேண்டும். ராம்கி போட்டால் தடிக்கிறது. அதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் போட்டால் ஆள் செத்துப்போகிறான்.

அப்படிப்பட்ட ராம்கி இருக்கும்போது, அழகுராஜா கல்யாண அழைப்பைத் தவசி இவனிடம் கொடுத்ததுதான் இந்த வருஷத்தின் அதிசயம். அச்சடித்த பத்திரிகை சாமிக்கும் பொண்ணு வீட்டுக்கும் போதும், நம்ம பங்காளிகளுக்குப் போனில் போய்விடட்டும், அந்தப் பொறுப்பு சின்ன மாப்ளையுது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ராம்கி அப்போது மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கருத்தக்கண்ணனுக்குத் தன் நாற்காலியின் வளைந்த கால் நேரானது போல இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் அவனை நம்பி ஒப்படைத்த முதல் காரியம். அதை ராம்கி கையில் கொடுப்பதற்கு மொக்கச்சாமி நிஜமாகவே போய்விட்டாலும் தேவலை என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் வருத்தப்பட்டு, அவர் ஆயுசுக்காகக் கள்ளழகரிடம் ஒரு சின்ன வேண்டுதலும் வைத்தான்.

ராம்கியே கூப்பிட்டான்.

"சகல, நான் வேணா போட்டு விட்ரவா? ரெண்டு நிமிச வேல."

உதவி செய்கிறேன் என்று வருகிற எதிரியை விடக் கொடுமையானவன் கிடையாது. வேண்டாம் சகல, இது கொஞ்சம் டெக்னிக்கல் என்று சொல்லி வைத்துவிட்டான் கருத்தக்கண்ணன். மனசு கேட்காமல் மாமனாரையும் கூப்பிட்டான். கோடு விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, ஒருவேளை ராம்கியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று மாமா நினைத்தால் என்று இழுத்தான்.

"அவரு எதுக்கு?" என்றார் தவசி. "நீங்களே பாருங்க மாப்ள."

அந்த வார்த்தையைக் கருத்தக்கண்ணன் நாகஜோதியிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். அப்பாவா அப்படிச் சொன்னார் என்று அவளும் கொஞ்சம் ஆச்சரியப்பட்டது அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இனி குரூப்பில் ஒட்டுகிற வேலையே வேண்டாம், ராம்கி கனவிலும் செய்ய முடியாததைச் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினான். கல்யாணத்துக்கென்றே இணையத்தில் ஒரு பக்கம். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிகூடத் தொட்டால் திறக்கும். மண்டபத்துக்கு வழி, மணமக்கள் அழகுராஜா திவ்யா படம், கீழே பெரியவர்கள் பெயர்கள். பக்கம் போடுவதற்கு இலவசமாகக் கிடைத்த இடத்திலும் மார்க்டவுன்தான். சொந்த வீடு போல உள்ளே நுழைந்து, ஒரு வரிக்கு ஒரு பெயராகத் தட்டி, சரிபார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் சுட்டியைக் குரூப்பில் போட்டான்.

ஆபீஸில் வரியை மடக்கினால் மடங்கும். அந்தப் பக்கத்தில் மடங்காது. எத்தனை வரியாகத் தட்டினாலும் சும்மா ஒருமுறை மடக்கியதை எல்லாம் ஒரே வரியாகக் கோத்துவிடும். மொக்கச்சாமி பேச்சிமுத்து தவசி என்று பெயர்கள் கைகோத்து நின்றன. அப்பா பெயரை முன்னால் போட்டு எழுதுவதுதானே வழக்கம். படித்தவர்களுக்கு மொக்கச்சாமியின் மகன் பேச்சிமுத்து என்று பட்டது.

இந்தமுறை கூப்பிட்டவர் பேச்சிமுத்து. அண்ணனுக்குத் தன்னை மகனாக்கிவிட்ட காரணத்தை ஊராட்சித் தலைவர் தோரணையில் விசாரித்தார். சரி பண்ணிவிடுகிறேன் மாமா, அரை மணி நேரம் என்றான் கருத்தக்கண்ணன். அந்த அரை மணி நேரத்தில் குரூப்பில் ராம்கி, தன் கடைக்குப் புதிதாக வந்த மோட்டார்களைப் பற்றி ஒரு செய்தி போட்டான். தலைப்பு தடிப்பு. வரிக்கு வரி மோட்டார். ஒரு மோட்டார்கூட இன்னொரு மோட்டாருக்கு மகனாகவில்லை.

அதைப் பார்த்த எரிச்சலில் கருத்தக்கண்ணன் பெயர்களுக்கு மேலே ஒரு வரி காலியாக விட்டு, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் தாராளமாக இடம் விட்டுத் தள்ளினான். தள்ளினால் தனித்தனியாக நிற்கும் என்று கணக்கு. நின்றன. ஆனால் அப்படித் தள்ளி எழுதினால், அது மனிதர்கள் படிப்பதற்கு இல்லை, கம்ப்யூட்டர் நிரல் என்று அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளும். பெயர்கள் எல்லாம் தட்டச்சு எழுத்தில், சாம்பல் நிறப் பெட்டிக்குள், சுற்றிக் கட்டம் கட்டி, மிகவும் அமைதியாக நின்றன.

"மாப்ள" என்றார் பேச்சிமுத்து. கோபம்கூட இல்லாத குரல். "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அம்சமா இருக்கு. போட்டோவுக்கு மால மட்டும் போட்டுட்டா செவுத்துல ஒட்டிரலாம். அண்ணனும் அதத்தேன் சொல்றாக."

"ராத்திரிக்குள்ள மாத்திர்றேன் மாமா."

"எதுக்கு, பதினாறாம் நாள் காரியத்தையும் சேத்துப் போட்டு விடுங்க."

மாமனாருக்குப் பேசினான். பெட்டிக்குள் அடைத்தது வரை ஒப்புக்கொண்டான். எதிர்முனையில் தவசி தொண்டையைச் செருமினார். அழுகிறாரோ என்றுகூட இவனுக்குத் தோன்றியது. பிறகு பழைய பதில்தான் வந்தது. நீங்களே பாருங்க மாப்ள. அவசரமே இல்ல.

இப்படி ஒரு நம்பிக்கையை ராம்கி என்றைக்காவது மாமனாரிடம் பார்த்திருப்பானா? பார்த்திருக்க மாட்டான். சரியாகச் செய்கிறவனை நம்புவதில் என்ன இருக்கிறது. இரண்டு தடவை மொத்தக் குடும்பத்தையும் சாகடித்தவனை நம்புவதுதான் நம்பிக்கை. அந்த நினைப்பில் கருத்தக்கண்ணனுக்குக் கண்ணே கலங்கியது.

மறுநாள் ஆபீஸில் அவனுக்கு ஒரு யோசனை பிறந்தது. அவன் வாழ்நாளில் அவனுக்குத் தோன்றியதிலேயே அழகான யோசனை அதுதான். சண்டை எதற்கு? யார் முதல் என்று. அப்படியானால் எல்லோரும் முதல். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒன்று என்று போட்டு ஓர் அடைப்புக்குறி. மொக்கச்சாமிக்கும் ஒன்று, பேச்சிமுத்துவுக்கும் ஒன்று, கடைசிப் பங்காளிக்கும் ஒன்று. ஐக்கிய நாடுகள் சபைக்கே இது தோன்றியிருக்காது.

எல்லோருக்கும் ஒன்று என்று ஆனபிறகு யாரை எங்கே வைத்தால் என்ன. அதனால் தன் பெயரை மேலே வைத்தான். இவ்வளவு பாடுபட்டவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா. அதே நியாயத்தில் ராம்கியைக் கீழே வைத்தான். இன்னும் கொஞ்சம் கீழே வைத்தான். வீடியோ எடுப்பவர், பந்தல் போடுபவர் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்த இடத்துக்குக் கீழே, ராம்கிக்கும் ஓர் ஒன்று போட்டான்.

ஆபீஸ் திரையில் சரிபார்த்தான். வரிக்கு வரி ஒன்று, ஒன்று, ஒன்று. பக்கத்து மேசை முத்துச்செல்வி எட்டிப் பார்த்தாள். பசுமலையிலிருந்து வரும் பெண், அவனோடு சேர்ந்து விளக்கம் எழுதுகிறவள்.

"அண்ணே, நம்மகிட்ட அடைப்பு போட்டா நம்பரக் கண்டுக்காது, போட்டது போட்டபடி இருக்கும். அங்க எப்படின்னு தெரியாதுண்ணே. பாத்துட்டு அனுப்புங்க."

பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பான். அந்த நேரம் பார்த்துக் குரூப்பில் ராம்கி ஒரு படம் போட்டான். தவசியும் அவனும் தோளில் கை போட்டுக்கொண்டு பந்தக்கால் நடுகிறார்கள். மாமா அண்ட் மீ என்று கீழே தடித்த எழுத்து. கருத்தக்கண்ணன் பார்க்காமல் அனுப்பினான்.

அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை, புள்ளி வைத்தாலும் அடைப்பு போட்டாலும் நம்பர் நம்பர்தான். ஒன்றில் ஆரம்பித்தால் போதும், மிச்சத்துக்கு நாம் என்ன எழுதினாலும் அதுவே வரிசையாக எண்ணிக்கொள்ளும். ஒன்று, கருத்தக்கண்ணன். அதற்கப்புறம் அவன் மனைவி. மொக்கச்சாமி ஏழாவது. பேச்சிமுத்து, சமையல் மாஸ்டருக்கு அடுத்து. ராம்கி எத்தனாவது என்று பார்க்கத் திரையை நெடுநேரம் தள்ள வேண்டியிருந்தது.

போன் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் நாகஜோதி கூப்பிட்டாள். பெரியப்பாவும் சித்தப்பாவும் அப்பா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்களாம், உங்களை உடனே வரச் சொன்னார்களாம் என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "என் பேர ஏன் ரெண்டாவது போட்டீங்க, உங்களுக்கு மேல போட்டா என்ன?" என்றும் கேட்டாள்.

லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். ஊரை முழுசாகக் குறுக்கே கடந்து செக்கானூரணி போய்ச் சேரும் வரை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். காளவாசல் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் அவனையே பார்த்தார்.

தவசி வீட்டு முற்றத்தில் ஒரே கட்டிலில் மொக்கச்சாமியும் பேச்சிமுத்துவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முறத்தில் அவித்த கடலை. எதிரே மெத்தை நாற்காலியில் ராம்கி. தவசி தூண் ஓரமாக நின்று, ரொம்ப வருத்தப்படுகிற முகத்தோடு பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க ஒண்ணாம் நம்பர்" என்றார் மொக்கச்சாமி.

"சமையல் மாஸ்டர் வரலையா?" என்றார் பேச்சிமுத்து.

பிறகு இரண்டு பேரும் வைதார்கள். வைவது என்றால் இப்படி ஒரு வைவதை அவன் கேட்டதில்லை. அண்ணன் ஆரம்பித்ததைத் தம்பி முடித்தார். தம்பி விட்ட இடத்தில் அண்ணன் எடுத்தார். கோட்டில் ஆரம்பித்துப் பெட்டி வழியாக நம்பருக்கு வந்தார்கள். இம்புட்டுப் படிச்சும் என்றார் ஒருவர். எம்புட்டுப் படிச்சாலும் என்றார் மற்றவர். நடுநடுவே மொக்கச்சாமி கடலையை உரித்துத் தம்பி கையில் கொடுத்தார். பேச்சிமுத்து வாங்கி வாயில் போட்டுக்கொண்டே, "உன்னயப் பெட்டிக்குள்ள பாத்ததும் எனக்கு நெஞ்சே அடச்சுப்போச்சுண்ணே" என்றார். அண்ணன் முறத்தையே தம்பி பக்கம் தள்ளி வைத்தார். அந்த வேகத்தில் மறுபடி இவனை வைதார்.

கருத்தக்கண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். முடிந்ததும் ராம்கி பக்கம் திரும்பினான்.

"சகல, உங்களக் கடைசியில போட்டது வேணும்னுதான். பொறாமைதான். இனிமே நீங்களே செஞ்சுருங்க."

ராம்கி எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினான். கடைசியில் இருந்ததால் என் பேரைத்தான் எல்லோரும் கஷ்டப்பட்டுத் தேடினார்கள் சகல, அதுவும் ஒரு விளம்பரம்தானே என்று சிரித்தான். நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்று கருத்தக்கண்ணனுக்கு இன்னும் பொறாமையாக இருந்தது.

ராம்கி அங்கேயே நின்றபடி போனில் தட்ட ஆரம்பித்தான். யாரை முதலில் போட என்று தலையைத் தூக்கிக் கேட்டான். தம்பி பேரையே போடுங்க என்றார் மொக்கச்சாமி. அண்ணன் இருக்கும்போது நான் எப்படி என்றார் பேச்சிமுத்து. உன் பேரு, உன் பேரு என்று கட்டிலில் ஒரு புதுச் சண்டை பிடித்துக்கொண்டது.

கருத்தக்கண்ணன் மெதுவாகத் தவசி பக்கம் போனான். கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அத்தனை தடவை சொதப்பிய பிறகும் நீங்களே பாருங்க என்று சொன்ன மனிதரிடம், அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டால், மிச்ச ஆயுசுக்கு ஈரலே தின்றுவிட்டுப் போகலாம். அவன் வாயைத் திறப்பதற்குள் தவசிக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டும் ஞாபகம் வந்துவிட்டது. விறுவிறுவென்று கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அடுப்படியில் மாமியார் ஒச்சாயி எல்லோருக்கும் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பொம்பளை. இவனிடம் இதுவரை சாப்பிடுங்க என்ற வார்த்தையைத் தாண்டிப் பேசியதில்லை. கருத்தக்கண்ணன் நிலைப்படியில் நின்றான்.

"அத்தே, ராம்கி சகல இருக்கும்போது மாமா எதுக்கு இத என்கிட்ட குடுத்தாரு?"

ஒச்சாயி டம்ளரை அவன் கையில் கொடுத்தாள். முற்றத்தில் இன்னும் முடியாத சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். முகம் மலர்ந்து, முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"அண்ணந்தம்பி ரெண்டு பேரும் சேந்து வைய ஒரு ஆளு வேணும்ல மாப்ள. பெரிய மாப்ள செஞ்சா எல்லாம் சரியா வந்துருமே."